பல்ஸ் பார்த்தேன் என்று சொன்னால் போதுமாம்

குளத்தூர்
வெள்ளிக்கிழமை சாயங்காலம்

அக்கா, கையெழுத்தைப் பார்த்ததும் இது சோனா என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கடிதம் அம்மாவுடையது. அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து அம்மாவின் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இங்கே நடந்ததையும் அம்மா சொல்வதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன். அம்மா ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் அடித்துவிடு என்றாலும் அடிக்க மாட்டேன். அதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், சரி என்று தலையாட்டினார்கள். பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றுவது மட்டும் என் வேலை, முக்கியமான வார்த்தைகளை அவரவர் சொன்னபடியே விட்டிருக்கிறேன். நடுவில் நான் ஏதாவது சொன்னால் அது அடைப்புக்குறிக்குள் இருக்கும். இனி அம்மா.

என் அன்பு மகள் ஷாலுவுக்கு அம்மா சொல்லி எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் நீ சுகமாக இல்லை என்று தெரிந்தே அதைக் கேட்பது எப்படி என்று தெரியாமல் இந்த வரியிலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன், சோனா இரண்டு தடவை பேனாவை மூடித் திறந்துவிட்டாள். உன் ஃபோனை ஆஸ்பத்திரி ஆபீசில் வாங்கி வைத்துவிட்டார்கள், கூட இருக்கிற பிள்ளையின் ஃபோனில் பேசினால் அவளுக்கும் வம்பு வரும் என்று நீ சொன்னாய், அதனால்தான் இந்தக் கடிதம். வடக்கே உன்னோடு வேலை பார்க்கிற ஜிஜி அவள் அண்ணன் கல்யாணத்துக்குப் பொழியூர் வந்திருந்தாள் அல்லவா, நாளைக் காலை இந்த வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். விசாரணைக்கு முன்னால் உனக்குக் கிடைத்துவிடும் என்று அவள் சொன்னாள்.

வீட்டு விசேஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். அப்பாவின் முட்டிவலி அப்படியேதான், குட்டி லாரியில் ஹாலோபிளாக் ஏற்றுகிற வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை. அண்டியாபீசில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை, கொட்டை வரவில்லை என்கிறார்கள். அடுக்களை ஓட்டில் ஒழுகின இடத்தை அடைத்தாயிற்று, இப்போது அதற்குப் பக்கத்தில் ஒழுகுகிறது. திருப்புறத்தில் சித்தி வீட்டுப் பசு ஈன்றிருக்கிறது, கிடாரிக்கன்று. ஜிஜி வீட்டுப் பக்கம் கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டதாம், கல்யாணப் பந்தலைப் பள்ளிக்கூட மைதானத்தில்தான் போட்டார்கள். சோனாவுக்குப் பரீட்சை வருகிறது, ஆனால் பாடப்புத்தகத்துக்குள் வேறு புத்தகம் வைத்துப் படிக்கிறாள். (இது உண்மை.)

இனி உன் விஷயம். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார், ஏனென்றால் நீ அழுதுகொண்டே சொன்னாய், நானும் அழுதுகொண்டே கேட்டேன். உன் வார்டில் கிடந்த அந்த அம்மாளுக்கு மூச்சு இழுத்தது. நீ அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்தாய். அவர்களுடைய மருமகன் கதவுப் பக்கம் நின்று அதை ஃபோனில் பிடித்துவிட்டான். அன்றைக்கே அந்த அம்மாள் இறந்துபோனார்கள். சாகிற நேரத்தில் மதம் மாற்றினாள் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, ஹாஸ்டலில் உன் பெட்டியைக் கவிழ்த்து, வேதப்புத்தகத்தை வராந்தாவில் எறிந்தார்கள். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் உன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. புதன்கிழமை விசாரணை, நிர்வாகத்தாரும் அந்த வீட்டாரும் இருப்பார்கள். நீ ஜெபித்தேன் என்று சொன்னால் வேலையும் போகும், போலீசிலும் எழுதிக்கொடுப்பார்கள். ஆனால் பெரிய டாக்டர் உன்மேல் இரக்கப்பட்டு உன்னைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வழி சொல்லியிருக்கிறார். கண்ணை மூடியிருந்தது பல்ஸ் எண்ணுவதற்காக, உதடு அசைந்தது எண்ணிக்கை, வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இவ்வளவுதானே.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "அம்மா, நான் என்ன சொல்லட்டும்?" என்றாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை மக்கா. அன்று முதல் அந்தக் கேள்வியோடுதான் நான் அண்டியாபீசுக்குப் போகிறேன், வருகிறேன், சோறு வடிக்கிறேன்.

நான் பதில் யோசிப்பதற்குள் இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது. அதை ஜிஜி உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். நம் சபையில் சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு அல்லவா, அப்பா இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எழுந்ததில்லை, செருப்புக் கழற்றிப் போடுகிற வாசல் பக்கமாகவே உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவார்கள். போன சனிக்கிழமை எழுந்து நின்றுவிட்டார்கள். என் மகள் ஒரு நோயாளிக்காக ஜெபித்தாள், அதற்காக அவளைப் படாத பாடு படுத்துகிறார்கள், அவள் உறுதியாய் நிற்கும்படி எல்லாரும் ஜெபிக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஊர் பேர், ஆஸ்பத்திரி பேர் எல்லாம் சொன்னார்கள். நான் பெண்கள் பக்கத்தில் இருந்து போதும் என்று கையைக் காட்டினேன், அப்பா பார்க்கவில்லை. உட்காரும்போது அப்பாவின் முகம் எப்படி இருந்தது தெரியுமா, நீ நர்சிங் முடித்து வெள்ளை உடுப்பில் விளக்கு ஏந்தி நின்ற அன்றைக்கு இருந்தது போல இருந்தது. எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. ஜெபக்குறிப்பு என்று சொன்னால் நாம் கர்த்தரிடம் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம், சபை முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது மறந்துபோகிறது.

வாலிபர் சங்கச் செயலாளர் பினுவை உனக்குத் தெரியும், கிறிஸ்துமஸ் கேரல் ஊர்வலத்தில் டிரம் அடிப்பவன். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகும்போது முக்குரோட்டில், மின்கம்பத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவில், உன்னுடைய பெரிய படம் நிற்கிறது. ஃபிளக்ஸ். அந்த வெள்ளை உடுப்புப் படம்தான், ஃபேஸ்புக்கில் இருந்து எடுத்தானாம். துன்பத்தின் நடுவில் ஜெபவீராங்கனை, எங்கள் சகோதரி ஷாலு என்று தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி. உன் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரின் பெயர் ஆங்கிலத்தில். கீழே பினுவும் மற்றப் பையன்களும் வரிசையாக, ஒவ்வொருவன் தலையும் ஒவ்வொரு வட்டத்துக்குள், பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. (நான் எண்ணிப் பார்த்தேன், அக்காவுக்குக் கொடுத்த இடத்தைவிட அவர்களுக்குக் கொடுத்த இடம் அதிகம்.) பஸ் நிற்கிற இடம் அது, பாறசாலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள், சிலர் ஃபோனில் படம் எடுக்கிறார்கள். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

பெருமை வரவில்லையா என்றால் வந்தது, முதலில் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகுதான் பயம் வந்தது. நீ என்ன சொல்லப் போகிறாய் என்று நீயே இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் இந்தப் பையன்கள் நீ சொல்லிவிட்டதாக எழுதி ரோட்டில் நிறுத்திவிட்டார்கள். பல்ஸ் என்று சொல்ல நீ நினைத்தாலும் இந்தப் படம் அங்கே போய் உன் வாயை அடைக்கும். ஜெபித்தேன் என்று சொல்ல நினைத்தாலும், பார், திட்டம் போட்டுத்தான் வந்திருக்கிறாள், ஊரில் பாராட்டு வைக்கிறார்கள் என்பார்கள். உன் இரண்டு வழியையும் ஒரே ஃபிளக்ஸால் கெடுத்துவிட்டார்களே என்று நினைத்தேன்.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வெட்டுகத்தியை எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பிரேமகுமாரி மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், எங்கே இந்தக் கோலத்தில் என்று கேட்டாள். சொன்னேன். அவளுடைய மகள் நந்தனாவும் நீயும் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள், அவளுக்கு உன் சமாச்சாரம் எல்லாம் தெரியும். நீ தனியாகப் போய் அறுத்தால் சபைக்காரர்கள் உன்னைத் தின்றுவிடுவார்கள், நானும் வாறேன் என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு நடு வழியில் அவளே நின்று, இல்லை, நான் கயிற்றைத் தொட்டால் இந்துக்காரி வந்து அறுத்தாள் என்று வேறு கதையாகிவிடும், நான் ஸ்டூலைப் பிடிக்கிறேன், நீ அறு என்றாள். இந்தக் காலத்தில் எதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது பார். அவள் ஸ்டூலைப் பிடித்தாள், நான் ஏறி அறுத்தேன். பஸ்சுக்கு நின்ற ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உன் முகம் என்மேல் சரிந்து விழுந்தது, இரண்டு பேரும் சேர்ந்து சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தோம்.

வரும் வழியில் பிரேமகுமாரி ஒரு காரியம் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எனக்கு இன்னும் குழப்பம். "ஞானம், ஒண்ணு சொன்னா வருத்தப்படப்பிடாது. எனக்க அம்மை தீனமா கெடந்தப்ப உனக்க மோள் வந்து கையப் பிடிச்சுக் கண்ண மூடினா இல்லியா, அண்ணு எனக்கு அது பிடிக்கல்ல. எங்க வீட்ல வச்சு எங்க அம்மைக்கு உங்க சாமியக் கூப்பிடதுக்கு எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டாளா? பிறவு பாத்தேன், அம்மைக்க மொகம் தெளிஞ்சிருந்து. அதனால சும்மா இருந்தேன்" என்றாள். இத்தனை காலம் என் கூட ஒரே கிணற்றில் தண்ணீர் கோரியவள், ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. அன்றைக்கு நீ பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, நான்தான் போய் ஜெபித்துவிட்டு வா என்று அனுப்பினேன், நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அவளிடம், நீ எங்களுக்காக உன் கோயிலில் வேண்டிக்கொள்வாய் அல்லவா, அதற்கு நான் வருத்தப்படுவேனா என்று கேட்டேன். அது கோயிலில், உனக்குத் தெரியாமல், இது என் அம்மையின் கட்டிலில் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஸ்டூலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள். சாயங்காலம் வழக்கம்போல மீன்குழம்புக்குப் புளி கேட்டு வந்தாள்.

அன்றைக்கே பினுவும் இன்னும் இரண்டு பையன்களும் வீட்டுக்கு வந்தார்கள். முகம் சிவந்திருந்தது. ஃபிளக்சை அறுத்தது கிறிஸ்துவைக் குறித்து வெட்கப்படுவது போல் ஆகாதா என்று கேட்டான். அதைத்தான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "மாமி, நாங்க அவளுக்க கூட நிக்கோம்ணு காட்டதுக்காக்கும் வச்சோம்" என்றான். எனக்கு அப்போது எங்கிருந்தோ வாய் வந்தது. "எலே பினு, அவ அங்க ஒத்தைக்கு நிக்கா. நீங்க இங்க கூட்டமா நிண்ணு போட்டோ போட்டிருக்கியோ" என்றேன். கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான், பினு அவனை முறைத்தான். பிறகு போகிற போக்கில், ஷாலுவுக்கு இதனால் கேடு வந்திருந்தால் நான் என்ன செய்யணும் மாமி என்று கேட்டான், குரல் ஒரு மாதிரி இருந்தது. அவன் கெட்டவன் இல்லை. வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போட்டதையெல்லாம் எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டான். ஆனால் எடுப்பதற்குள் அது ஓடிவிட்டது, ஜிஜியின் ஃபோனிலேயே அங்கே இருக்கிற மலையாளி நர்சுகள் குரூப்பில் வந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரி நிர்வாகத்தார் யாரும் இன்னும் பார்க்கவில்லை என்றுதான் அவள் நினைக்கிறாள். நினைக்கிறாள், அவ்வளவுதான்.

அப்பா அன்று வந்து ஃபிளக்ஸ் எங்கே என்று கேட்டார்கள். காட்டினேன். ஒன்றும் திட்டவில்லை. கீழே இருந்த பையன்களின் வரிசையை மட்டும் கத்தியால் நீளமாக வெட்டி எடுத்துக் கோழிக்கூட்டுக்கு மேலே கட்டினார்கள், மழைக்கு ஆகும் என்று. உன் படம் இருக்கிற பாகத்தால் விறகை நனையாமல் மூடினார்கள், ஆனால் உன் முகம் மழையில் நனையாதபடி உள்பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள். இப்போது நான் காலையில் விறகு எடுக்கத் தூக்கினால் நீ உள்ளே இருந்து பார்க்கிறாய். அப்பாவுக்கு உன் காரியத்தில் குழப்பமே இல்லை போலத்தான் பேசுகிறார்கள். "எனக்க பிள்ள பொய் சொல்லிப் பிழைக்காண்டாம்" என்கிறார்கள். சொல்லப்போவது நீங்கள் இல்லை, அவள்தான், போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கப்போவதும் அவள்தான் என்று நான் சொன்னேன். அதற்கு அப்பா, அப்படியானால் நான் சாட்சி சொன்னது தப்பா என்று கேட்டார்கள். தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தப்பில்லை என்றும் சொல்லவில்லை. (அப்பா அதற்குப் பிறகு முற்றத்தில் நின்ற குட்டி லாரியில் ஏறி, ஸ்டார்ட் பண்ணாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அம்மா இதை எழுத வேண்டாம் என்றார்கள்.)

போதகர் ஐயாவும் வந்தார்கள். டீ குடித்தார்கள். வேதத்தைத் திறந்து ஓர் இடத்தை வாசித்தார்கள், அது அசையாமல் நில் என்கிற மாதிரி இருந்தது. பிறகு இன்னோர் இடத்தை வாசித்தார்கள், அது தப்பி ஓடிப்போ என்கிற மாதிரி இருந்தது. இதில் ஷாலுவுக்கு எது ஐயா என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தெரியவில்லை ஞானபாய், என் மகளாக இருந்தால் இன்னும்கூடத் தெரியாமல் நிற்பேன் என்றார்கள். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஏன் என்று கேட்காதே. எல்லாரும் உனக்காக ஜெபிக்கிறார்கள், பெண்கள் கூட்டத்தில் அழுது ஜெபிக்கிறார்கள், ஆனால் நீ கேட்ட கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதனால் நானே சொல்ல வேண்டியதாயிற்று.

ஷாலு, பல்ஸ் பார்த்தேன் என்று சொல்லிவிடு. (அம்மா உடனே இதை அடித்துவிடச் சொன்னார்கள். அடிக்கவில்லை.) சொல்லாதே, நடந்ததைச் சொல். (இதையும் அடிக்கச் சொன்னார்கள். அடிக்கவில்லை. பிறகு எழுந்து போய் மாவை மூடிவைத்துவிட்டு வந்தார்கள்.)

மறுதலிக்கக் கூடாது, மறுதலிக்கக் கூடாது என்று சின்ன வயதில் இருந்து பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வாளும் நெருப்பும் நிற்கும், அதை நீட்டுகிறவனுக்குக் கொடூரமான முகம் இருக்கும், நாமும் மாட்டேன் என்று சொல்லிவிடுவோம் என்று நினைத்திருந்தேன். ஒரு நல்ல டாக்டர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, தன் பிள்ளையைப் போல நினைத்து, ஒரே ஒரு சின்ன வார்த்தை சொல்லிவிடு என்று கேட்பார் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அவர் உனக்கு நல்லது நினைக்கிறார். நானும் நல்லதுதான் நினைக்கிறேன். நல்லது நினைக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து உன்னை எங்கே தள்ளுகிறோம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஜெபிக்கவில்லை என்று நீ சொல்வதால் நீ செய்த ஜெபம் இல்லாமல் போய்விடுமா, அதைக் கேட்ட கர்த்தருக்குத் தெரியாதா என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போது மனசு லேசாகிறது. லேசாகிறதே என்று உடனே பயமாகவும் இருக்கிறது.

பிரேமகுமாரி சொன்னதில் இருந்து இன்னொரு கேள்வியும் எனக்குள் கிடக்கிறது. அதை உன்னிடம் கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். அந்த அம்மாள் உன்னை ஜெபிக்கச் சொன்னார்களா? கையை உன் பக்கம் நீட்டினார்கள் என்று நீ ஃபோனில் சொன்னாய். பயத்தில் நீட்டினார்களா, ஜெபத்துக்கு நீட்டினார்களா? உன்னைக் குற்றம் சொல்வதற்குக் கேட்கவில்லை மக்கா. அந்த மருமகன் பெட்டியைக் கவிழ்த்ததும் வேதப்புத்தகத்தை எறிந்ததும் அநியாயம், அதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் அவனும் வாசலில் நின்று தன் மாமி சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான். கேட்டார்கள் என்றால், கேட்டார்கள் ஜெபித்தேன் என்று சொல். கேட்கவில்லை என்றால், கேட்காமல் ஜெபித்துவிட்டேன், அது உங்களுக்கு நோவாக இருந்தால் அதற்காக வருந்துகிறேன் என்று சொல். ஜெபித்ததற்காக அல்ல, கேட்காததற்காக. ஃபிளக்சில் எழுதினதும் வேண்டாம், டாக்டர் சொன்னதும் வேண்டாம். இப்படிச் சொன்னால் அவர்கள் விட்டுவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை, விடமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இது சரியான பதிலா என்பதும் எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு ஜிஜி வந்து நிற்கும்போது வேறு ஏதாவது தோன்றும், அதற்குள் கடிதம் போய்விடும்.

என் ஆசையைக் கேட்டால், நீ பல்ஸ் என்று சொல்லிவிட்டு அந்த அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், யாரும் உன்னைத் தொடக்கூடாது, நீ சாப்பிட்டுத் தூங்க வேண்டும். பெற்ற வயிறு அதைத்தான் சொல்கிறது. ஆனால் நீ என் ஆசையைக் கேட்கவில்லை. என்ன சொல்லட்டும் என்று கேட்டாய். அப்படி ஒரு தடவை சொல்லிவிட்டால், இனி ஒரு நோயாளியின் கையை நீ பிடிக்கும்போது உன் விரல் என்ன செய்யும் என்று யோசித்துப் பார்த்தேன். பல்ஸ்தான் எண்ணும். வேறு ஒன்றும் அதற்கு வராது. அது எனக்குப் போலீசைவிடப் பயமாக இருக்கிறது. அதனால் அம்மாவின் ஆசையைக் கேட்காதே. அதற்குப் பிறகு வேலை போனால் வீட்டுக்கு வா. வந்தால் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்காதபடி நான் பார்த்துக்கொள்கிறேன், சபைக்காரர்கள் மாலை போட வந்தாலும் அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் சர்டிபிகேட்டுகளை இப்போதே ஜிஜியிடம் கொடுத்து வை. விசாரணைக்குத் தனியாகப் போகாதே, வார்டு சிஸ்டரையாவது கூட வரச் சொல், அவர் மாட்டேன் என்றால் ஜிஜி வாசலில் நிற்பாள், என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள். காலையில் வெறும் வயிற்றோடு போய் நிற்காதே, உனக்குத் தலை சுற்றும். முந்திரிக்கொத்தும் மரச்சீனி வறுவலும் வைத்திருக்கிறேன், பக்கத்தில் உட்காராதவர்களுக்கும் கொடு. நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்தேன், பிறகு அங்கே மீன் வாடையும் சேர வேண்டாம், இருக்கிற வம்பு போதும் என்று எடுத்துவிட்டேன். டப்பாக்களைத் தொலைத்துவிடாதே, நீலமூடி டப்பா பிரேமகுமாரியுடையது. உன் பேரைச் சொல்லாமல் நாங்கள் ஒரு நாளும் படுத்ததில்லை, இனியும் படுக்க மாட்டோம். உன்னை எனக்குத் தந்த கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் நாவிலே இருந்து, உன்னைத் தலை நிமிர்ந்து நடக்கப் பண்ணுவாராக. புதன்கிழமை முடிந்ததும் யாருடைய ஃபோனில் இருந்தாவது சுகம் என்று ஒரு வார்த்தை சொல், அடுப்பில் எது பொங்கினாலும் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஞானபாய்
அப்பா ஜெயதாசும் முத்தம் சொல்லச் சொன்னார்கள்

(அக்கா, இது சனிக்கிழமை காலை, ஜிஜி அக்கா வருவதற்கு முன் சேர்க்கிறேன். உண்மையாக எழுதுவேன் என்று சொன்னதால் இதையும் எழுத வேண்டும். நேற்று ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். எப்போதும் அப்பாதான் ஜெபிப்பார்கள். நேற்று, நீ செய் ஞானம் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா முழங்கால் போட்டு, "கர்த்தாவே, எங்க ஷாலு" என்று தொடங்கினார்கள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன், அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் இல்லை. நாங்கள் காத்திருந்தோம். யாரும் ஆமென் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து அப்பா எழுந்து லைட்டை அணைத்தார்கள்.)